ஆறு நிமிடப் படகு

"இன்னிக்கு ஒரு நாள் மைக்கைத் தொடாதே. பேப்பர்ல உன்னைக் கிழிச்ச ஆள் வர்றாராம். மறுபடி ஏதாவது எழுதினா, மைக்கு வேற ஆளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார் கிகோங்கோ.

உகாண்டாவின் கம்பாலாவில், கட்வே சந்தைக்குப் பின்னால் இருந்தது அவருடைய வீடியோ கொட்டகை. ஓடுகிற படத்துக்கு மேலேயே மைக்கில் கதை சொல்லிக் கலாய்ப்பது முலிந்த்வாவின் பிழைப்பு. பத்து வருடமாகக் கூட்டம் அதற்காகத்தான் வருகிறது. ஆனால் போன மாதம், பெயர் போடாமல் எழுதும் ஒரு விமர்சகர், மைக் பிடிப்பவர்கள் படத்தைக் கொல்கிறார்கள் என்று எழுதிவிட்டார்.

முன் பெஞ்சில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அவர்தான் அந்த விமர்சகர் என்று முலிந்த்வா மைக்கைத் தள்ளி வைத்தான்.

படம் புதுசு. யாரோ கைக்காசைப் போட்டு எடுத்தது. ஏரியில் ஒரு படகு. ஆறு நிமிடமாக அதே படகு. மைக்குக்காரன் தூங்கிவிட்டானா என்று ஒரு குரல் கேட்டது. நாலு பேர் எழுந்து நடையைக் கட்டினார்கள்.

ஸ்பீக்கர் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண் கைப்பையைப் பிசைந்துகொண்டே, ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் முன் பெஞ்சைக் காட்டி விஷயத்தைச் சொன்னான்.

"எல்லாரும் போறாங்கண்ணே. பேசுங்க" என்றாள்.

மேலும் ஆறு பேர் எழுந்தார்கள். பொறுக்க முடியாமல் முலிந்த்வா மைக்கை எடுத்தான்.

"மக்களே, பயப்படாதீங்க. டைரக்டர் கேமராவை வச்சிட்டு டீ குடிக்கப் போயிருக்கார். குடிச்சதும் வந்துடுவார்."

கொட்டகை அதிர்ந்தது. வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். படகோட்டியின் மாமியார், கிழிந்த வலை என்று இல்லாததையெல்லாம் இழுத்துவிட்டு, கடைசியில் படகு தனியாகக் கரை ஒதுங்கியபோது மட்டும் அவன் வாயை மூடிக்கொண்டான். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த வாரம் முழுக்க இதே படம்தான் என்று வாசலில் கூவ ஆரம்பித்துவிட்டார் கிகோங்கோ.

முலிந்த்வா முன் பெஞ்சுக்கு ஓடி மன்னிப்புக் கேட்டான். அந்த மனிதர் புரியாமல் விழித்தார். நோட்டு முழுக்க, நாளைக்கு எந்தக் கால்பந்து டீம் ஜெயிக்கும் என்ற பட்டியல்.

"அப்போ பேப்பர்காரர் வரவே இல்லையா?"

"வந்தாச்சுண்ணே" என்றாள் கைப்பைக்காரப் பெண். "அதை எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன்னு நாளைக்கே எழுதறேன்."

அவள் வாசல்வரை போய்த் திரும்பிச் சிரித்தாள்.

"அப்புறம், கேமராவை வச்சிட்டு நான் டீ குடிக்கப் போகலண்ணே. சப்பாத்தி வாங்கப் போயிருந்தேன்."