வயர் இல்லாத விளக்கு

"வயர் இருந்தா வேண்டாம்ணே. கண்ணாடியும் கூடாது. குத்துற மாதிரி எதுவுமே இருக்கக் கூடாது."

கடைக்காரர் கையில் எடுத்த விளக்கை மறுபடி பெட்டிக்குள் வைத்தார். புத்தகம் படிக்க ஒரு சின்ன விளக்கு கேட்டு வந்தவள், கால்மணி நேரமாக ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கம் வாங்குறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்கம்மா."

"நான் பாக்கலேன்னா வேற யார்ணே பாப்பாங்க?" லேசாகச் சிரித்தாள். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. "ஆறு மணிக்குள்ள போயாகணும். ஆறுக்குப் பூட்டினா காலைலதான் கதவு திறக்கும்."

"பூட்டுறதா? வெளியிலிருந்தா?"

"வெளியிலிருந்துதான்."

கடைக்காரர் கையிலிருந்த பெட்டியைத் தள்ளி வைத்தார். "ஜன்னலாவது இருக்காம்மா?"

"ஒண்ணு இருக்கு, எட்டாது. ஒன்பதுக்கெல்லாம் லைட்டை அணைச்சிடுவாங்க. அதுக்கப்புறம்தான் படிக்கணும். பக்கத்துல படுக்கறவங்க மேல துளி வெளிச்சம் பட்டாலும் சண்டைதான். பெரியவர் இந்த அளவுக்குச் சம்மதிச்சதே பெரிசு. ஒரு மாசம் பின்னாலயே நடந்தாச்சு."

"பெரியவர்னா, மாமனாரா?"

"எங்க எல்லாருக்கும் அவர்தான்ணே பெரியவர்."

"அவருக்கு வயர் மேல என்ன கோபம்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இதுக்கு முன்னாடி இருந்த ஒருத்தி, வயரை எடுத்து... வேண்டாம்ணே, விடுங்க. பரீட்சை எழுதிட்டா சொந்தக் கால்ல நிக்கலாம். அதுக்குத்தான் இந்தப் பாடு."

கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தடித்த காய்ப்பு. காய்ப்பின் மடிப்பில் துருக்கறை. பாவி மக்கள், என்னதான் வேலை வாங்குகிறார்களோ!

'அடுத்த வீட்டு விவகாரத்துல மூக்கை நுழைக்காதீங்க' என்பது அவர் மனைவியின் தினசரி மந்திரம். ஆனால் காலையில் கடை திறக்கும்போதெல்லாம், 'இன்னிக்கு ஒருத்தருக்காவது உபயோகமா இருக்கணும் சாமி' என்று வேண்டிக்கொள்கிறவர், ஆள் எதிரே வந்து நிற்கும்போது எப்படிக் கண்ணை மூடிக்கொள்வார்?

கடைசியில் அவளுக்குப் பிடித்தது, புத்தக அட்டையில் செருகிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் விளக்கு. கடைக் கணக்கு நோட்டில் அதைச் செருகி, கையைக் குவித்து, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். பக்கத்தின் மேல் மட்டும் பால் வார்த்ததுபோல் விழுந்தது.

"இதான்ணே."

பெட்டியைக் கட்டும் சாக்கில் ஒரு துண்டுச் சீட்டில் அவர் தம் வீட்டு விலாசத்தையும் மனைவியின் போன் நம்பரையும் எழுதினார். சீட்டை நீட்டும்போது குரல் தானாகத் தாழ்ந்தது.

"தப்பா நினைக்காதேம்மா. அங்கேயிருந்து எப்ப வெளிய வந்தாலும் நேரா இந்த விலாசத்துக்குப் போ. மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. என் சம்சாரம் வாய்தான் பேசுவா, மனசு தங்கம். ஏன், எதுக்குன்னு ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

அவள் சீட்டைப் படித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அண்ணே, இது எனக்கு வேண்டாம். இந்த விளக்குல படிக்கப் போறவளுக்குக் குடுக்கலாமா? வெளிய வந்தா ஏறிப் போக ஒரு வாசல் இல்லேன்னு தினமும் அழறா."

கடைக்காரர் விழித்தார். "யாரா இருந்தா என்னம்மா, சொன்ன சொல் சொன்னதுதான். ஆனா... உள்ள இருக்கறது நீ இல்லையா? அப்ப அந்தக் கதவைப் பூட்டுறது யாரு?"

காய்த்துப்போன விரல்களால் சீட்டை மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டே அவள் சொன்னாள்:

"நான்தான்ணே. பெண்கள் ஜெயில் வார்டர்."