ருசி பார்த்தல்

முதல் வாயை அவள் தானே தின்றாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க மட்டும்தான் முடியும். பக்கவாதம் பேச்சையும் கைகளையும் ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போய்விட்டது. கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தது.

அதே ஸ்பூன். கழுவவில்லை. துடைக்கக்கூட இல்லை.

அதிலேயே ரசம்விட்டுக் குழைத்த சோற்றை அள்ளி அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அவர் வீட்டில் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. சாமிக்குப் படைத்து, அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அவளுக்குச் சோறு. அதற்கு முன்னால் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் எச்சில். ஆகவே கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பைக் குத்துமதிப்பாகத்தான் போட்டாள். கை தப்பிய நாட்களில் தட்டு பறந்தது.

ஒருமுறை, கொதிக்கக் கொதிக்கத் தேங்காய்ப்பால் சொதியோடு.

முழங்கையில் தழும்பு இன்னும் கிடக்கிறது. கேட்டவர்களிடமெல்லாம் குக்கர் வெடித்தது என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

"உப்பு சரியா இருக்கா?"

கொஞ்சலாகத்தான் கேட்டாள். தினமும் கேட்பாள்.

சோற்றில் உப்பே கிடையாது.

இந்த முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தபோது, ரத்தக் கொதிப்பு, உப்பை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். நிறுத்தினாள். இல்லத்துச் சாப்பாடு வேண்டாம், நானே ஆக்கிக் கொண்டுவருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். போன வாரம் அதே டாக்டர் அவளைக் கூப்பிட்டார். ரத்தத்தில் உப்பு ரொம்ப இறங்கிவிட்டது, இனி தாராளமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கே ஆபத்து என்றார்.

சரிங்கய்யா என்று தலையாட்டினாள்.

இன்றைக்கு இடுப்பில் ஒரு பொட்டலம் செருகி வந்திருந்தாள். காலையில் அதை மடித்தபோது கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தாள். சத்தியமாக.

எடுத்துப் பிரித்தாள்.

பொடி உப்பு. அவர் கண் அதிலேயே குத்திட்டு நின்றது. வாய் தானாகத் திறந்தது.

அந்த வாயைப் பார்த்திருக்கக் கூடாது.

'நக்கிப் பாத்தியா, மூதி?' என்று தெருவே கேட்கக் கத்திய வாய். அவளுடைய அப்பாவை வாசலில் நிற்கவைத்துப் பேசிய வாய். இப்போது குஞ்சு மாதிரித் திறந்து காத்திருந்தது.

அவளுக்கு வயிறு எரிந்தது. பிறகு, குளிர்ந்தது.

டிபன் கேரியர் மூடியில் தனக்கென்று கொஞ்சம் சோறு எடுத்துவைத்திருந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து அதில் தூவினாள். பிசைந்தாள். அவர் பார்க்கப் பார்க்கத் தின்றாள்.

நன்றாக இருந்தது.

மிச்ச உப்பை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய சோற்றில் அடுத்த வாயை ஊட்டினாள். விழுங்கினார். விழுங்காமல் என்ன செய்வார்?

கூட்டிப் பெருக்க வந்த ஆயா செல்வக்கனி விளக்குமாற்றோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யா குடுத்து வச்சவுகம்மா. இங்க வேற யாருக்கு இப்படி ஊட்ட ஆளு இருக்கு?"

அவள் திரும்பிச் சிரித்தாள். நல்ல சிரிப்பு.

அவர் கண் நிறைந்து வழிந்தது. ஒரு சொட்டு கன்னத்து மடிப்பில் இறங்கி, மீசையோரம் தயங்கி, கீழே வந்தது. நாக்கின் நுனி மெல்ல வெளியே நீண்டு அதைத் தேடியது.

"அழக் கூடாது" என்றாள்.

முந்தானையை எடுத்து, உதட்டுக்கு வருமுன் அதை ஒற்றியெடுத்தாள்.