ஹார்ன் விசாரித்த நலம்

கோத்தகிரிப் பக்கம், புல்லெல்லாம் உறைபனி பூத்திருந்த ஒரு காலை. வாசலில் நின்ற பைக்கின் பேட்டரி விறைத்துப் போயிருந்தது. இன்ஜினை ஒரே ஒரு தடவை சுற்றிவிடும் தெம்புதான் மிச்சம். அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

“அண்ணே, உயிரோட இருக்கீங்களா?” என்று கேட்டது ஹார்ன்.

அக்கறையாகக் கேட்பவனிடம் எப்படிப் பேசாமல் இருப்பது? “இருக்கேம்பா” என்றது பேட்டரி. அந்த ஒரு வார்த்தைக்கே கொஞ்சம் தெம்பு போயிற்று.

“குரல் கம்முதே! நிஜமாவே நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேன்.”

“எனக்கென்னமோ பயமா இருக்குண்ணே. இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னது. பிறகு பைக்கின் சொந்தக்காரர் வந்து பட்டனை அழுத்த, இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் கை நீட்டியபோது, கொடுப்பதற்குப் பேட்டரியிடம் ஒன்றுமில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“நான் அப்பவே நினைச்சேன்” என்றது ஹார்ன்.

ஓரமாக மடங்கிக் கிடந்த கிக்கர் எதுவும் கேட்கவில்லை. சொந்தக்காரர் காலடியில் மிதிபட்டது, மறுபடியும் மிதிபட்டது. இன்ஜின் இருமிக்கொண்டே எழுந்து ஓடத் தொடங்கியது. பேட்டரிக்குள் வெதுவெதுவென்று தெம்பு ஊறியது. அது நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

“அண்ணே,” என்றது ஹார்ன், “இப்ப எப்படி இருக்கு?”