பதினைந்து கிலோவுக்குக் கீழே

மலையில் பெட்ரோல் வண்டிகள் நின்றுபோன பிறகு, ஊட்டியில் பழைய கார்களுக்கு மின்மோட்டார் பொருத்தும் பட்டறையில் ஹீட்டரை வடிவமைத்தவன் பரிதி. பேட்டரி மலையேற வேண்டுமென்றால் சூட்டைச் சிக்கனமாகத்தான் செலவழிக்க வேண்டும். ஆகவே ஆள் உட்கார்ந்த இருக்கை மட்டுமே சூடாகும். பதினைந்து கிலோவுக்குக் குறைந்த எதையும் வண்டி சாமானாகவே எடுத்துக்கொள்ளும். கையால் போட்டுக்கொள்ள சுவிட்ச் கிடையாது. வைத்தால் எல்லோரும் போட்டுவிடுவார்கள்.

“கைக்குழந்தைன்னா என்னண்ணே பண்ணும்?” என்று அப்போதே கேட்டான், உடன் வேலை செய்யும் ரஃபீக்.

“அது அம்மா மடியிலதானேடா இருக்கும்,” என்றான் பரிதி.

இன்று மகளுக்குத் தடுப்பூசி. மனைவி தேன்மொழி இறந்து இரண்டு மாதமாகிறது. அதற்குப் பிறகு முதன்முறையாகக் குழந்தையைத் தனியாக அழைத்துப் போகிறான். பக்கத்து இருக்கையில் வார்போட்டுப் படுக்கவைத்திருந்த குழந்தை, லவ்டேல் தாண்டியதும் அழத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தான். ஸ்வெட்டருக்குள்ளும் கைகள் சில்லிட்டிருந்தன. அவன் முதுகு மட்டும் கதகதப்பாக இருந்தது.

வண்டியை ஓரங்கட்டினான். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் இருக்கை சூடேறியது, அழுகை அடங்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் யாருமில்லை.

வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு ரஃபீக்கைப் போனில் அழைத்தான்.

“வண்டி மக்கர் பண்ணுதாண்ணே?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டத்தான் ஆளில்ல. கொஞ்சம் வர்றியா?”



“இதக் கேக்க உங்களுக்கு ரெண்டு மாசமாச்சாண்ணே? அங்கயே இருங்க, வந்துட்டேன்.”