நாற்பது நிமிஷப் பயணம்

“டொரண்டோவிலிருந்து மதுரைக்கு நாற்பது நிமிஷம்தானேடா! அதுக்குக்கூடவா உனக்கு நேரமில்லை?” அம்மாவின் உடலைக் கிடத்தியிருக்கும்போதே தம்பியைப் பார்த்துக் கத்தினாள் மங்கையர்க்கரசி.

“எப்ப வேணா வரலாமேன்னு இருந்துட்டேன்க்கா” என்றான் இளவழகன்.

விமானம் இருபது மணி நேரம் பறந்த காலத்தில் வருஷம் தவறாமல் வந்தவன்தான். நாற்பது நிமிஷ ராக்கெட் வந்த இந்த ஆறு வருஷமாகத்தான், “இதோ கிளம்புறேம்மா” என்று போனிலேயே வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் நம்பி அயிரைமீன் குழம்பைக் கூட்டிவிடுவாள். சாயங்காலம் அது எதிர்வீடான எங்களுக்கு வந்துவிடும். பொய் சொல்வானேன், அருமையாக இருக்கும்.

அம்மாள் போன வருஷமே அக்காள் தென்காசிக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டாள். தம்பி இப்போது ஞாயிறுதோறும் வருகிறான். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, “குழம்பு எப்படி இருந்துச்சு?” என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறான்.