எந்தப் பூ?

மூன்றாவது தடவையும் கதை திரும்பி வந்ததும் நர்ஸம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. பிரசவ வார்டில் டியூட்டி முடிந்த கையோடு நேரே பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

எழுதுகிறவர்கள் வட்டாரத்தில் அந்த ஆசிரியருக்கு ‘மூக்கு சார்’ என்று பெயர். யார் கதை போனாலும், ‘இங்கே என்ன வாசனை?’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டுத் திருப்பிவிடுவார்.

தாள்களை அவர் முன்னால் பொத்தென்று வைத்தாள்.

"என் கதையில என்ன சார் குறை? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. இல்லேன்னா இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

"குறையே இல்லம்மா. ஒரே ஒரு வரிதான்" என்று படித்தார். "‘குழந்தையின் உச்சந்தலை பூவாய் மணந்தது.’ எந்தப் பூ?"

"ஏதோ ஒரு பூ!"

"முதல்ல ரோஜான்னு எழுதினீங்க. அப்புறம் மல்லிகை. இப்போ வெறும் பூ. நிஜமாவே பூ வாசனையா வருது?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து வருஷமாகப் பிறந்த குழந்தைகளைக் கையில் வாங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? இந்த மனுஷர் ஒரு குழந்தையையாவது தூக்கியிருப்பாரா?

"கதைன்னா கொஞ்சம் அலங்காரம் இருக்கத்தான் சார் செய்யும். எழுத வர்றவங்களை அலையவிடறதுல உங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்?"

அவர் பதில் சொல்வதற்குள் தீய்ந்த நாற்றம் குப்பென்று அடித்தது. அவர் முதுகுக்குப் பின்னாலேயே, டீக்காக வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. அவர் பேனா மூடியைத் திருகியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஓடிப்போய் அணைத்தாள். "பக்கத்துலயே இருக்கீங்களே, மூக்கு அடைச்சிருக்கா சார்?"

"அடைப்பெல்லாம் இல்லம்மா. வாசனையே போயே போச்சு. ஒரு காய்ச்சல்ல போனது, ரெண்டு வருஷமாச்சு. டாக்டருங்களும் கையை விரிச்சுட்டாங்க. இங்கே யாருக்கும் தெரியாது."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. கரித்துணியும் கையுமாக நின்றாள்.

"அப்போ எல்லார்கிட்டயும் வாசனை கேட்கிறது…"

"நல்லா எழுதியிருந்தா ஒரு நிமிஷம் வந்துட்டுப் போற மாதிரி இருக்கும். அந்த ஆசைதான்."

இழுப்பறையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். துணிச்சுருளுக்குள் ஒரு சின்ன முகம்.

"பேத்தி. நாப்பது நாளாச்சு. வீட்ல எல்லாரும் இவ தலையை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கிறாங்க. எப்படி இருக்குன்னு கேட்டா, பூ மாதிரிங்கிறாங்க."

"உங்க பிள்ளைங்க பிறந்தப்போ பார்த்திருப்பீங்களே சார்?"

"ஒரே பொண்ணு. அவ பிறந்தப்போ மூக்கு இருந்துச்சு, எனக்குத்தான் நேரமில்லை."

சிவப்புப் பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

"நீங்க தினமும் தூக்குறவங்க. நீங்களாவது நிஜத்தைச் சொல்லுங்கம்மா."