பதிமூன்றாம் செவ்வாய்

"அந்தோணியாரைக் காணோம்வே!"

கோயிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தொம்மை போட்ட சத்தத்தில், வெளியே சப்பரத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த குற்றாலலிங்கம் நாரும் கையுமாக உள்ளே ஓடிவந்தார். பீடத்தில் ஒரு முழ உயரத்துக்கு மரச் சுரூபம் நின்ற இடத்தில் மெழுகுக் கறைதான் இருந்தது.

"மத்தியானம் இங்கனதானே நின்னாரு அண்ணாச்சி?"

"நின்னாரு. நான் ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டு வாரதுக்குள்ள ஆளைக் காணோம்."

அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் திருநாள். லண்டனில் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்ட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்த ஆற்றங்கரை ஊரில் அந்தோணியாருக்குப் பூமுடி சூட்ட இரண்டு நாழிகைகூட இல்லை. பூசை வைக்கப் பாளையங்கோட்டையிலிருந்து பங்குச் சாமியாரின் வில்வண்டி புறப்பட்டாயிற்று. வெறும் சப்பரத்தைப் பார்த்தால் அவர் முதலில் கேட்பது கோயில் சாவியைத்தான். தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்து இடுப்பில் தொங்குகிற சாவி. அது போனால் தொம்மையை ஊரில் எவன் மதிப்பான்?

இப்போது மதிப்புக்குக் குறைச்சலே இல்லை. கறி தின்னக் கூடாத தபசு காலத்து வெள்ளிக்கிழமையில் யார் வீட்டு அடுப்பிலாவது கறி வாசம் வந்தால், மூக்கை நீட்டிக்கொண்டு வாசலில் போய் நின்று மானத்தை வாங்கிவிடுவார் மனுஷர்.

"காணாமப் போனதையெல்லாம் கண்டுபிடிச்சுக் கொடுக்கது அந்தோணியாருதான்னு சொல்லுவியளே," என்றார் குற்றாலலிங்கம். "அவரே காணாமப் போனா யார்கிட்ட அண்ணாச்சி கேக்கது?"

தொம்மை முழங்காலில் விழுந்து ஒருவர் விடாமல் கேட்டார். சவேரியார் கடல் கடந்து வந்தவர், ஊர்வழி எல்லாம் தெரிந்திருக்கும். மிக்கேல் சம்மனசுக்கு இறக்கை இருக்கிறது, மேலே இருந்து ஒரு பார்வை பார்க்கலாம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"ஆண்டவரே, ஒம்ம விட்டா எனக்கு நாதியில்ல. அவரைக் காட்டிக்கொடும். அதுக்கு மேல நீரு எதைக் கேட்டாலும் நான் மறுக்க மாட்டேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. கடவுள் கைவிட மாட்டார் என்று திடமாகத் தோன்றியது. சாமியார் முன்னால் நிற்க வெளுத்த வேட்டியாவது கட்டுவோம் என்று வீட்டுக்கு நடந்தார். துணைக்குக் குற்றாலலிங்கமும் வந்தார்.

வெளியே சாரல். வீட்டு முற்றத்தில் கோழிகளெல்லாம் நனைந்துபோய் விறகுக் கட்டின் மேல் ஒண்டிக்கொண்டிருந்தன. அவற்றை மூடுகிற மூங்கில் பஞ்சாரமோ நடு முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் அம்மிக்குழவி வேறு.

"கோழியெல்லாம் வெளிய நிக்கி. பெறகு உள்ள என்ன இருக்கு?" என்றார் குற்றாலலிங்கம்.

தொம்மை குழவியை இறக்கி வைத்துவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கினார். உள்ளே அந்தோணியார், குழந்தை சேசுவைக் கையில் ஏந்தியபடி, சிந்திய தவிட்டுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"சேசு மரி சூசை! ஏட்டி, சூசையம்மா!"

அவர் பெண்டாட்டி சூசையம்மாள் அடுக்களையிலிருந்து நிதானமாக வந்தாள். பஞ்சாரத்தை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடி அந்தோணியார் மேல் கவிழ்த்து, குழவியையும் ஏற்றி வைத்தாள்.

"அவரு தண்டனையில இருக்காரு. தொடாதிய."

"தண்டனையா? அவரு என்னட்டி குத்தம் செஞ்சாரு?"

"எஞ் செஞ்சேவலு காணாமப் போயி மூணு மாசமாச்சு. பதிமூணு செவ்வா அவருக்கு மெழுகுதிரி ஏத்தினேன். இன்னையோட பதிமூணும் முடிஞ்சுது. ஒரு எறகையாவது காட்டினாரா? எங்க ஆத்தா ஊருல, கேட்டதக் கொடுக்காட்டா சுரூபத்தக் கயித்துல கட்டிக் கெணத்துக்குள்ள எறக்கிருவாவ. நான் பாவம் பாத்துப் பஞ்சாரத்தோட விட்டிருக்கேன்."

"ஏட்டி, சாமியார் வண்டி வந்துரும்! கோயில் சாவி போயிரும்! நாளைக்கே வேற சேவல் வாங்கித் தாரேன்!"

"எனக்கு எஞ் சேவல்தான் வேணும். அது வராட்டாலும் போகுது, அதுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாப் போதும். மறு நிமிசம் அந்தோணியாரு வெளிய வந்துருவாரு. ஆண்டவர் மேல சத்தியம்."

ஆற்றுப் பக்கமிருந்து வண்டி மாட்டின் சலங்கைச் சத்தம் கேட்டது. குற்றாலலிங்கம் என்ன காரணமோ, பைய வேலியோரமாக நகர்ந்துகொண்டிருந்தார்.

தொம்மை வானத்தைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டேன் என்று சொன்னது அவர்தானே. சலங்கைச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. அவர் இரண்டாம் தடவையாக முழங்காலில் விழுந்தார், இந்தத் தடவை பெண்டாட்டி முன்னால்.

"தபசு காலம், மூணாம் வெள்ளிக்கெழம," என்றார் தொம்மை. "ஆத்தங்கரையில வச்சு, கொழம்பு வச்சது குற்றாலலிங்கம்தான். நான் ரெண்டு தொடை மட்டுந்தான்ட்டி தின்னேன்!"